மிதித்து நட்ட புல்

அக்கா என்னைச் சென்னைக்கு வரச் சொன்னது ஒரு புல்லுக்காக. ஊரில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. வேலைக்கு, வைத்தியத்துக்கு, கோர்ட்டுக்கு என்று சென்னை போனவர்கள் எங்கள் தெருவில் உண்டு. புல்லைப் பார்த்துவிட்டு வரப் போனவன் நான் ஒருவன்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்ததும் நான்தான். தாவரவியல் படித்துவிட்டு, விளாத்திகுளம் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். மாடு மேய்த்தவன் மகன் மாடு தின்கிறதைப் படிக்கப் போயிருக்கிறான் என்று அப்பாவின் கூட்டாளிகள் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

அக்காவின் கணவர் தாமு அத்தான் கள்ளிக்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஏரியில் புல் அறுத்து, கட்டுக் கட்டி, மாடு வைத்திருப்பவர்களின் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவர் தொழில். எந்த ஏரி என்று எழுத வேண்டாமென அக்கா கேட்டுக்கொண்டாள். அயனம்பாக்கத்துப் பெரிய ஏரி இல்லை, அவ்வளவுதான் சொல்லலாம். அதற்கும் அப்பால் ஒரு சின்ன ஏரி. அதைத் தூர் வாரிச் சுற்றிலும் நடைபாதை போடப்போகிறார்கள். உள்ளே பயிர் வைத்திருப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு வேறு இடம் காட்டுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ஆகவே ஏரிப் புல் பயிரா, தானாக முளைத்ததா என்பது அறுக்கிறவர்களின் சோற்றுப் பிரச்சினையாகிவிட்டது. நீ வந்து அதிகாரியிடம் படித்தவன் மாதிரி இரண்டு வார்த்தை சொல்லு என்றாள் அக்கா.

அம்பத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினேன். டிரைவருக்குப் பக்கத்தில் அரை உட்கார்வு. பாதி வழியில் கேஸ் தீர்ந்து வண்டி நின்றது. டிரைவர் இறங்கி, ஒன்றும் நடக்காதது போல எல்லோரையும் பார்த்தார். நாங்களும் இறங்கித் தள்ளினோம். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க என்னோடு தள்ளிய ஒரு பையன், கோயம்புத்தூர்க்காரன், எதற்கு வந்திருக்கிறாய் என்று கேட்டான். ஏரிப் புல்லைப் பார்க்க என்றேன். அவனுடைய பிளாட் அந்த ஏரியைப் பார்த்தபடிதான் இருக்கிறதாம். வாங்கும்போது பால்கனியிலிருந்து தண்ணீர் தெரியும் என்றுதான் விற்றார்களாம். இன்றைக்குவரை புல்லும் கொசுவும்தான் தெரிகிறது, எப்போது எடுப்பார்கள் என்று காத்திருக்கிறோம் என்றான். நல்ல பையன். இறங்கும்போது என் பையை எடுத்துக் கொடுத்தான்.

அத்தான் சாலை முனையில் மொபெட்டோடு நின்றிருந்தார். "இன்னா மச்சான், மொத நாளே வண்டி தள்ள வுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, நேராக ஒரு தள்ளுவண்டிக்குக் கூட்டிப்போய் இட்லியும் வடகறியும் வாங்கித் தந்தார். எங்கள் ஊரில் மிஞ்சிய வடை மாட்டுக்குத்தான் போகும். இங்கே அதைக் குழம்பாக்கி விற்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது.

ஏரியில் தண்ணீரே தெரியவில்லை. கரையிலிருந்து எதிர்க்கரை அடுக்குமாடிகள் வரைக்கும் ஒரே பச்சை. இடுப்பளவு புல், அடியில் கறுப்புச் சேறு, சேற்றுக்கு மேல் நாலு பக்கத்துச் சாக்கடையும் வந்து கலந்த தண்ணீர். அத்தான் இதை எருமைப்புல் என்கிறார். எங்கள் ஆய்வகத்தில் நீர்ப்புல். கணுக்களில் மயிர் அடர்ந்திருக்கும், விரலால் தொட்டால் கம்பளி மாதிரி. ஆப்பிரிக்காவில் பிறந்து, பிரேசில் வழியாகக் கப்பலேறி, தீவனத்துக்கென்றே பல நாடுகளில் நடப்பட்டு, பிறகு தோட்டத்தை விட்டு வாய்க்காலுக்கும் ஏரிக்கும் ஓடிப்போன புல். எங்கள் கல்லூரி அலமாரியில் இரண்டு புத்தகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் இது தீவனப் பயிர், இன்னொன்றில் களை.

எங்கள் கரிசலில் கொழுக்கட்டைப்புல் உண்டு. கம்புக்குப் பங்காளி முறை. கம்பை நாங்கள் விதைக்கிறோம், கொழுக்கட்டைப்புல் வரப்பில் தானாக வருகிறது. அறுத்துக் காயவைத்துப் போராக்கிப் படப்பில் ஏற்றிய பிறகு கம்பந்தட்டை எது, புல் எது என்று மாடு கேட்பதில்லை. எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. அதனால் இங்கே வந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றபோது எனக்கே கொஞ்சம் உதைப்பாக இருந்தது.

ஏரிக்குள் ஆங்காங்கே சவுக்குக் கொம்புகள், நுனியில் சாக்குக் கிழிசல்கள். நீலம், மஞ்சள், வெள்ளை என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறம். நீலத்துக்கு உள்ளே மஞ்சள்காரன் அரிவாள் வைக்க மாட்டான். நீலத்துக்காரன் காய்ச்சலில் கிடந்தால் மஞ்சள்காரனே அறுத்து அவன் வாடிக்கைக்குப் போட்டுவிட்டு வருவான். பொங்கல் கழிந்து தண்ணீர் வடிந்ததும் முற்றின தண்டுகளைச் சேற்றில் பரப்பி, ஆணும் பெண்ணுமாகக் கைகோத்து வெறுங்காலால் மிதித்துக்கொண்டே போவார்களாம். மிதிபட்ட கணுவெல்லாம் வேர் விடும். இதற்கு மெதிப்பு என்று பெயர். அக்கா கல்யாணமாகி வந்த வருடம் அவளையும் இறக்கினார்களாம். கண்ணாடித் துண்டு குத்திய தழும்பைக் காட்டினாள்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். என் வயதுதான் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கரையில் நின்று பார்த்தார். அறுக்கிறவர்களில் மூத்தவர் ஏகாம்பரம். நட்டீர்களா என்று அவரிடம்தான் கேட்டார். மெதிச்சோம் சார் என்றார் ஏகாம்பரம். மிதித்தால் நடவாகிவிடுமா என்று அதிகாரி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

நான் முன்னால் போனேன். தண்டிலேயே வேர் விடுகிற புல் சார், கரும்புக்குக் கரணை வைக்கிற மாதிரி இதற்குச் சேற்றில் அமுக்குவதுதான் நடவு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி. இவங்க மிதிக்கலேன்னா வராதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வராது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பாலத்துக்கு அடியில், ரயில் பாதை ஓரத்தில், யாரும் மிதிக்காத இடத்திலெல்லாம் அதே புல் நிற்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பார்.

"வரும் சார். இவ்வளவு வராது."

"அப்ப காட்டுப்புல்தானே?"

"ரெண்டும்தான் சார்."

"ரெண்டும்னா எப்படிப்பா? ஒண்ணைச் சொல்லு. உழவு கிடையாது, வரிசை கிடையாது, உரம் கிடையாது. பயிர்னா பார்த்தாலே தெரியணும்ல? வெள்ளிக்கிழமை அளக்க வரேன், பார்க்கலாம்."

தட்டிக்கழிக்க அப்படிச் சொன்னார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் போனதும் ஏகாம்பரம், "படிச்ச மச்சானக் கூட்டிகினு வந்தியே தாமு, ரெண்டு பக்கமும் மோளம் அடிக்கிறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வரிசை, உரம், வரிசை, உரம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அத்தானோடு பூந்தமல்லிக்குப் போனேன். மொபெட்டில் முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு, பின் கட்டின் மேல் நான். சாலையில் போகிற மாடுகளெல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தன. கட்டு இறங்கியது நூர்ஜஹான் அக்கா வீட்டில். கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. ஒரு கறவை மாடு, அதன் கன்று, ஒரு கிடாரி. அந்தப் பாலில்தான் வீடு நடக்கிறது, மகளின் நர்சிங் படிப்பும் அதில்தான். மாட்டுக்கு பேகம் என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டேன். "இவருதான்" என்று அத்தானைக் காட்டினார். "ஊட்ல ஒரு பேகம் பத்தாதுன்னு." அத்தான் மாட்டின் நெற்றியைச் சொறிந்துகொண்டே இருந்தார். பேகத்தின் பாலில் போட்ட டீயை நானும் குடித்தேன். எங்கள் ஊர்க் கருப்பட்டிக் காப்பிக்குப் பழகிய நாக்குக்கே திகட்டுகிற அளவு கெட்டி.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரைக்கு ஒரு நடை வந்து, பல வருடமாக இந்தப் புல்லைத்தான் வாங்குகிறேன் என்று அதிகாரியிடம் சொல்ல முடியுமா என அத்தான் கேட்டார். அறுக்கிறவர்கள் எல்லா வாடிக்கைகளையும் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். வந்துட்டா போச்சு, அதுக்கு இன்னா என்றார் நூர்ஜஹான் அக்கா.

அத்தான் அவசரமாக ஏரிக்குத் திரும்பினார். நான் அக்கா சொன்னபடி மாங்காட்டுக் கோயிலுக்குப் போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் ஒருவர் மாட்டைக் கட்டிவைத்து, பக்கத்திலேயே அகத்திக்கீரைக் கட்டும் விற்றார். வாங்கி அந்த மாட்டுக்கே கொடுக்க வேண்டும். மாடு வயிறு முட்ட நின்றுகொண்டு முகத்தைத் திருப்பியது. ஊட்டுகிறவர்கள் விடவில்லை. எங்கள் ஊரில் பங்குனியில் ஒரு பிடி பச்சைக்கு மாடுகள் கத்துவது ஞாபகம் வந்தது. திரும்பும்போது பஸ் பூந்தமல்லி தாண்டி மேம்பால வேலை நடக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டது. பக்கத்து இருக்கை அம்மா வேர்க்கடலையைப் பாதி எனக்குத் தந்துவிட்டு, தன் மருமகளைப் பற்றி மீதி வழி முழுக்கப் பேசினார். வீடு வந்து சேர்ந்தபோது எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

அத்தான் உற்சாகமாக இருந்தார். யூரியா வாங்கி, சாலையை ஒட்டிய துண்டு முழுக்க இரைத்துவிட்டார்களாம். இவர்கள் யாரும் வாழ்நாளில் உரம் தொட்டவர்கள் இல்லை, தேவைப்பட்டதும் இல்லை. எவ்வளவு போட்டீர்கள் என்றேன். முழு மூட்டை என்றார். சின்னத் துண்டாயிற்றே, சாக்கடைத் தண்ணியிலேயே சத்து இருக்கிறதே, எதற்கு என்றேன். பயிருன்னா உரம் போடணும்னாரே சார், நீயும்தானே கேட்டே என்றார். காலையில் அந்தத் துண்டை நூல் பிடித்த மாதிரி வரிசையாக அறுத்து வைத்தால், பார்க்க வயல் போலவே இருக்கும் என்றும் சொன்னார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் படுத்துவிட்டேன். நான் படித்தது செடியை. மாட்டின் வயிற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தானின் போன் அடித்தது. அவர் அப்போதுதான் கட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தார். நூர்ஜஹான் அக்கா. மாடு நடுங்குகிறது, நுரை தள்ளுகிறது, வயிறு உப்பிக்கொண்டே போகிறது. மொபெட்டில் பறந்தோம்.

பேகம் படுத்திருந்தது. கால்கள் உதறிக்கொண்டிருந்தன. கத்த முயன்று முடியாமல் மூச்சோடு ஒரு சத்தம். மகள் போனில் மாட்டு டாக்டரைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். அவர் திருமழிசைக்கு அப்பால் எங்கோ இருந்தார். யூரியா ஏதாவது தின்றதா என்று கேட்டார்.

"எங்க ஊட்ல ஏது டாக்டர் யூரியா? நாங்க இன்னா விவசாயமா பண்றோம்?" என்றார் நூர்ஜஹான் அக்கா.

எதற்கும் வினிகரைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து நிறைய ஊற்றுங்கள், வருகிறேன் என்றார் டாக்டர். நான் தொட்டியைப் பார்த்தேன். மிச்சம் கிடந்த புல்லில் இலை தண்டைத் தழுவுகிற இடங்களில் வெள்ளை வெள்ளையாக ஜவ்வரிசி போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தில் பாதி கரைந்திருந்தது. நிமிர்ந்தபோது அத்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வினிகருக்கு ஓடினேன். அந்த நேரத்தில் எந்த மளிகைக் கடையும் திறக்கவில்லை. தெருமுனையில் சாயங்காலம் ஃப்ரைடு ரைஸ் போடுகிறவரின் வீட்டைக் காட்டினார்கள். கதவைத் தட்டி எழுப்பி மாட்டுக்கு என்றதும், லுங்கியைக் கட்டிக்கொண்டே உள்ளே போய் இருந்த கேன் அத்தனையும் தூக்கி வந்தார். மீன் கடையில் ஐஸ் வாங்கினேன். எங்கள் ஊரில் மாட்டுக்கு மருந்தை மூங்கில் கொட்டத்தில் ஊற்றுவோம். இங்கே குளிர்பான பாட்டிலில். அத்தான் தலையை மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டார், நான் ஊற்றினேன். கொஞ்சம் உள்ளே போயிற்று. மிச்சம் அத்தானின் சட்டையெல்லாம் வழிந்தது.

டாக்டர் வருவதற்கு முன்பே பேகம் செத்துப்போயிற்று. இனி வர வேண்டாம் என்று மகள் அவருக்குப் போனில் சொன்னாள். கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. யாரும் அதை அவிழ்க்கவில்லை.

"பாம்பு எதுனா கடிச்சிருக்குமா தாமு?" என்று கேட்டார் நூர்ஜஹான் அக்கா.

"தெரியலக்கா."

நான் தொட்டியில் மிச்சமிருந்த புல்லையெல்லாம் அள்ளிக் கட்டி எடுத்துக்கொண்டேன். கிடாரிக்கு வைத்திருந்ததையும் எடுத்தேன். நல்லவேளை, அது இன்னும் வாய் வைத்திருக்கவில்லை. சுத்தம் செய்கிறேன் என்று நூர்ஜஹான் அக்கா நினைத்திருப்பார். வெயிலில் போகாதீங்க தம்பி, தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்றார்.

வழியில் ஒரு டீக்கடையில் அத்தான் வண்டியை நிறுத்தினார். டீ சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று மற்ற வாடிக்கைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் போட்டு, காலைல வந்த கட்டைப் போடாதீங்க, புழு வெச்சிருக்கு என்று சொன்னார். அந்தத் துண்டிலிருந்து போனது நூர்ஜஹான் அக்கா வீட்டுக் கட்டு மட்டும்தான். இளம்புல் என்று பார்த்து அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். பிறகு என்னிடம் கேட்டார், "சொல்லிடட்டுமா மச்சான்?"

சொல்லிவிடுங்கள் என்றேன்.

"சொன்னா யாரு எங்கிட்ட புல்லு வாங்குவா? எங்கிட்ட மட்டுமா, ஏரியில அறுக்குற அத்தினி பேருகிட்டயும் வாங்க மாட்டான். நாளைக்கு அந்தாளு வேற வராரு."

அன்றைக்கு முழுக்க அக்கா வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் அத்தான் தனியாக ஏரிக்குப் போய், யூரியா இரைத்த துண்டை யாரும் தொடக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார். ஏன் என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அதிகாரி டேப்போடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். கரையில் வாடிக்கைகள் நின்றார்கள்: பால்காரர்கள், ஒரு கோசாலைக்காரர், அயப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா. நூர்ஜஹான் அக்கா வரமாட்டார் என்று நினைத்தோம். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி வந்து ஓரமாக நின்றார். வருகிறேன் என்று சொல்லியிருந்தேனே என்றார் என் அக்காவிடம்.

அதிகாரி நூல் பிடித்து அறுத்த வரிசையைப் பார்த்தார். பிறகு கரையோரம் கிடந்த காலி மூட்டையைக் காலால் புரட்டினார்.

"இது யார் போட்டது?"

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார். மற்றவர்களும். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முன்னால் போனார். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. நூர்ஜஹான் அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நாந்தான் போட்டேன். யூரியா. புதங்கிழமை சாயந்தரம் போட்டு, வியாழக்கிழமை காலைல அறுத்தேன். அந்தக் கட்டத்தான் உன் ஊட்ல போட்டேங்கா."

அதிகாரிக்கு அது புரியவில்லை. அவருக்கு மூட்டைதான் தெரிந்தது. ஏரித் தண்ணீருக்குள் உரமா என்றார். குரலில் இருந்த பொறுமை போய்விட்டது. தானாக வளர்ந்த புல்லாக இருந்தால், மண்வாரும் இயந்திரம் வருகிறவரைக்கும் அறுத்துக்கொண்டு போங்கள் என்று விட்டிருப்பேன். உரம் போட்டுப் பயிர் செய்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. இனி ஒருவரும் உள்ளே இறங்கக் கூடாது என்றார். அன்றைக்குத்தானே சார் உரம் இல்லை, பயிர் இல்லை என்றீர்கள் என்று நான் கேட்டேன். நான் போடச் சொன்னேனா என்றார். சொல்லவில்லைதான். அவருடைய ஆட்கள் ஏரிக்குள் இறங்கி நீலம், மஞ்சள், வெள்ளைக் கொம்புகளைப் பிடுங்கிக் கரையில் போட்டார்கள். ஏகாம்பரம் தன்னுடையதை மட்டும் தானே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

நூர்ஜஹான் அக்கா கரையில் உட்கார்ந்திருந்தார். என் அக்கா பக்கத்தில் போய் உட்காரப் பார்த்தாள், அவர் நகர்ந்துகொண்டார். கூட்டம் கலைந்த பிறகு எழுந்து அத்தானுக்கு எதிரே வந்து நின்றார்.

"ஊட்ல கெடேரி கத்திகினு கீது. வெக்கோலு வாங்க எனக்கு வழி இல்ல. எங்கெருந்துனா அறுத்துகினு வா. என் ஊட்டாண்ட வந்து, நான் பாக்கக் கழுவு."

மறுநாள் எனக்கு ஊருக்கு பஸ். அதற்கு முன் காலையில் அத்தானோடு போனேன். ஏரியில் இறங்க முடியாது. பூந்தமல்லிச் சாலை வாய்க்கால் ஓரம் யாரும் மிதிக்காமல், யாரும் கொம்பு நடாமல் வளர்ந்து கிடந்த எருமைப்புல்லை அறுத்தோம். அதே கணு, அதே மயிர். லாரிப் புழுதியில் சாம்பல் நிறமாக இருந்தது.

வாசலில் குழாயடியில் கட்டைப் பிரித்துப் போட்டோம். அத்தான் பிடி பிடியாக எடுத்துத் தண்ணீரில் அலசினார், நான் உதறி வைத்தேன். நூர்ஜஹான் அக்கா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் பேகம் கட்டியிருந்த இடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். ஒரு தடவை போதாது என்றார் நூர்ஜஹான் அக்கா. மறுபடி அலசினோம். பிறகு அவர் இறங்கி வந்து, ஒரு தண்டை எடுத்து நகத்தால் இலையைப் பிளந்து உள்ளே பார்த்தார். மோந்து பார்த்தார். அப்புறம் அதைத் தன் வாயில் வைத்துக் கடித்து மென்றார். விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கிடாரி கயிற்றை இழுத்துக் கத்தியது. அத்தான் தலையைத் தூக்கவில்லை.

பிறகுதான் நூர்ஜஹான் அக்கா குனிந்து ஒரு பிடி அள்ளிக் கிடாரியின் முன்னால் போட்டார்.